மாமரத்தடியில் கோரை: கோலாலம்பூர் வீடுகளில் நிழல் தரையை மூட ஒரு வழிகாட்டி

செந்தூலில் எங்களுடையது கார்னர் லாட் வீடு. பக்கவாட்டில் பத்தடி அகலத்துக்கு நிலம், அதில் மாமியார் வைத்த ஒரு மாமரம். அந்த மரத்தடியில் இரண்டு தடவை கவ் கிராஸ் புல் பதித்தோம். இரண்டு தடவையும் முதல் மாதம் நன்றாக இருந்தது, மூன்றாம் மாதம் திட்டுத் திட்டாகச் சொட்டை விழுந்தது, ஆறு மாதத்தில் வெறும் செம்மண். சாயங்கால மழை பிடித்தால் மண் கரைந்து கார் நிற்கும் இடம் வரை சிவப்பாக ஓடிவரும்.

மூன்றாவது தடவை புல் வாங்கப் புறப்பட்டபோது மாமியார் தடுத்தார். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், யாரும் நடாமலே முழங்கை அகலத்துக்குப் பரவிக் கிடந்த ஒரு செடியைக் காட்டி, “ஏம்மா, ரப்பர் தோட்டத்துல பால்மரத்தடியில பாய் விரிச்ச மாதிரி கெடக்குமே, அதுதான் இது. தானா வருதே, அதையே விட்டுப் பாரேன்” என்றார். விட்டுப் பார்த்தேன். இன்று மரத்தடி முழுக்க அதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன்.

அந்தச் செடி ஒரு கோரை. தாவரவியலில் அதன் பெயர் கிலிங்கா நெமோராலிஸ். சில நூல்களில் முத்தக்காசு சேர்ந்திருக்கும் சைப்ரஸ் பேரினத்திலேயே இதையும் வைத்திருப்பார்கள். ‘நெமோராலிஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குத் தோப்புக்குரியது என்று பொருள். பெயரே இடத்தைச் சொல்லிவிடுகிறது. இந்தியா, இலங்கை, மலேசியா என்று வெப்பமண்டல ஆசியா முழுக்க மர நிழலிலும் ஈரமான புல்வெளி ஓரத்திலும் இயல்பாக வளர்வது. வெளியூரிலிருந்து கொண்டுவந்து கொஞ்ச வேண்டிய செடி இல்லை.

நிழலுக்குக் கோரை என்று தேடினால் கண்ணில் படுவதெல்லாம் கேரெக்ஸ் என்ற இன்னொரு கோரைப் பேரினத்தின் வகைகளாகத்தான் இருக்கும். குறிப்பாக, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஓக் மரக் காடுகளின் அடியில் பரவும் பென்சில்வேனியா கோரை. அழகான செடிதான். மண்ணுக்கடியில் தண்டு விட்டு, அரையடி உயரத்தில் மெல்லிய இலைகளோடு தரையை மூடும். ஆனால் குளிர்காலம் பார்த்து வளர்ந்த செடி அது. நம் ஊர் இரவுகூட அதற்கு வெக்கை. விதை வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ், வெளிநாட்டு விதைக்கும் செடிக்கும் இறக்குமதி அனுமதி வேண்டும். அந்த ஊர் மக்கள் தங்கள் காட்டுக் கோரையைத் தங்கள் மரத்தடியில் வைக்கிறார்கள். நாம் நம்முடையதை வைத்தால் போதும்.

முதலில் நிழலை அளந்து பாருங்கள்

செடியைத் தேடுவதற்கு முன் இரண்டு நாள் நிழலைக் கவனியுங்கள். காலை 9 மணி, 11 மணி, மதியம் 1 மணி, 3 மணி, 5 மணி என்று போய்ப் பார்த்து, வெயில் விழும் இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு வருவதில்லை. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஒன்றேகால் வாக்கில். அந்த நேரத்தில் தரை எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இன்னொன்றும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 3 டிகிரி வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மதியச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பரில் சுவர் நிழலில் குளுகுளுவென்று இருந்த வடக்குப் பக்கம், ஜூனில் மதிய வெயில் வாங்கும். தெற்குப் பக்கத்துக்கு நேர் மாறாக நடக்கும். சுவர் நிழலை நம்பி நடுகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். மர நிழல் அப்படி மாறாது.

இந்தக் கோரைக்குப் பிடித்தது, இலைகளுக்கு நடுவே வெயில் புள்ளி புள்ளியாக விழும் நிழல். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டால் இன்னும் நல்லது. மதிய வெயில் நேரே அடித்தால் சாகாது, ஆனால் வெளிறி மஞ்சளாகும். புத்தகம் படிக்க முடியாத அளவுக்கு இருட்டான மூலை என்றால் இதுவும் ஒல்லியாகி விலகிவிடும். அந்த இடத்தில் காய்ந்த இலையைப் பரப்பி விட்டுவிடுங்கள். மாமரம் போல அடர்த்தியான மரமாக இருந்தால், ஏழடி உயரம் வரை உள்ள அடிக்கிளைகளை எடுத்தாலே பக்கவாட்டு வெளிச்சம் உள்ளே வரும். எங்கள் வீட்டில் நான்கு கிளைகள் எடுத்தோம். அதுவே போதுமாக இருந்தது.

செடியை அடையாளம் காண்பது

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. தவறான கோரையைக் கொண்டுவந்தால் வருடக்கணக்கில் பிடுங்க வேண்டியிருக்கும்.

தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல் என்றால் வழுக்கிக்கொண்டு உருளும். கோரை உருளாது. மூன்று பட்டை விரலில் தட்டும். கிள்ளினால் உள்ளே குழலாக இருக்காது, பஞ்சு போன்ற சோறு நிறைந்திருக்கும். இலைகள் மூன்று வரிசையாகக் கிளம்பும். கோரைக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு இது பொது.

நாம் தேடும் செடிக்குத் தனி அடையாளம் அதன் தலை. தண்டின் உச்சியில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டையாக, வெள்ளை வெளேரென்று ஒற்றை மணி உட்கார்ந்திருக்கும். அதன் கீழேயே மூன்று நான்கு பச்சை இலைகள் நீளமாக விரிந்து நிற்கும். நிழலில் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்த வெள்ளைதான். செடியின் உயரம் ஒரு சாணிலிருந்து ஒரு முழத்துக்குள். மண்ணைக் கொஞ்சம் விலக்கினால், பழுப்புச் செதில் போர்த்திய தண்டு தரையோடு படுத்துக்கொண்டு ஓடுவது தெரியும். அதை ஒடித்து முகர்ந்து பாருங்கள். இதமான ஒரு வாசம் வரும்.

எடுக்கக் கூடாதவை எவை? முதலில் முத்தக்காசு. கோரைக்கிழங்கு என்பதும் அதைத்தான். தலை செம்பழுப்பு நிறத்தில் குடைக்கம்பி மாதிரி பிரிந்திருக்கும், வேரில் கறுப்புக் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். மருந்துக்கு நல்லதுதான். ஆனால் பாத்திக்குள் வந்தால் கிழங்கு ஒன்று மிஞ்சினாலும் திரும்ப முளைக்கும். அடுத்து, உருவத்தில் இதைப் போலவே இருந்து தலை மட்டும் பச்சையாக இருக்கும் கிலிங்கா பிரெவிஃபோலியா. அது ஈரமும் வெயிலும் உள்ள புல்வெளிக்காரன், நிழலுக்கு இவ்வளவு ஒத்துவராது. நர்சரிகளில் உச்சியில் நட்சத்திரம் போல வெள்ளை இலை விரித்த கோரை ஒன்று விற்பார்கள். அது அமெரிக்கப் பக்கத்துச் செடி. அதற்கு வெயிலும் தேங்கிய ஈரமும் வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது

சுங்கை பூலோவில் 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோய்க் குடியிருப்பைச் சுற்றி வளர்ந்த நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன. நிழல் செடிக்கு நான் போவது அங்கேதான். ஆனால் இந்தக் கோரையை யாரும் தொட்டியில் வைத்து விற்று நான் பார்த்ததில்லை. களை என்று பிடுங்கி எறிவார்கள். அதனால் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை, கேட்டு வாங்கினால் போதும். பக்கத்து வீட்டுப் பின்புறம், தெரிந்தவர்களின் ரம்புத்தான் மரத்தடி, கோயில் வளாகத்தின் சாக்கடை ஓரம் என்று தேடுங்கள். வெள்ளை மணி தெரியும் இடத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். மனமாரக் கொடுப்பார்கள்.

சாலையோரத்தில் எடுக்காதீர்கள். களைக்கொல்லி அடித்திருப்பார்கள். பாராக்குவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. தோட்டங்களில் மருந்தடித்த நம் பெண்கள் அந்த விஷத்தோடு எத்தனை வருடம் நடந்தார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஆனால் மற்ற மருந்துகள் இன்னும் புழக்கத்தில்தான் உள்ளன. அடித்த செடி இரண்டு வாரம் பச்சையாக நின்றுவிட்டு, உங்கள் பாத்தியில் வந்து சாகும்.

காட்டிலிருந்தும் எடுக்கக் கூடாது. வனக் காப்பகத்தில் அனுமதியில்லாமல் செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். நம் தாழ்நிலக் காட்டின் அடித்தளத்தில் ஹைப்போலிட்ரம், மப்பானியா என்று அருமையான கோரைகள் உண்டு. அகலமான, மூன்று நரம்பு ஓடும் இலைகள். முழங்கால் உயரத்துக்கும் மேலே எழும். மப்பானியாவில் ஒரு வகைக்கு, சாய்ந்து பார்த்தால் இலையில் நீலம் மின்னும். அவை மெதுவாக வளர்பவை. ஒரு புதரைப் பெயர்த்தால் அந்த இடம் நிரம்ப நெடுநாளாகும். பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு காலை நேரம் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய் வாருங்கள். பாழடைந்த ஈய லம்பத்தின் (ஈயச் சுரங்க நிலத்தின்) மேல் 1920-களிலிருந்து நட்டு வளர்த்த காடு அது. மண் செத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் கட்டாயம் அங்கே ஒரு நடை நடக்க வேண்டும்.

மண்ணைத் தயார் செய்வது

ஒரு சாண் ஆழத்தில் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வடிந்திருந்தால் சரி. தேங்கியே இருந்தால் அது களிமண், அல்லது வீடு கட்டியபோது கொட்டிப் புதைத்த சிமெண்ட் கட்டிகள். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. ஒரு பக்கெட் நிறைய ஓட்டுத் துண்டு பொறுக்கினேன்.

மரத்தடி என்பதால் ஆழமாகக் கொத்தக் கூடாது. மாமரத்துக்கு உணவு தேடும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. மண்வெட்டியை வைத்துவிட்டு, கையளவுக் கொத்தும் விரல்களும் போதும். இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணை இளக்குங்கள். கட்டைவிரல் பருமன் உள்ள வேர் வந்தால் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் நடுங்கள். மேலே ஓர் அங்குலத்துக்கு மக்கிய இலையுரம் பரப்பினால் போதும். அடிமரத்தை ஒட்டி ஓரடிக்கு எதையும் குவிக்காதீர்கள், பட்டை அழுகும்.

இலையுரம் வீட்டிலேயே செய்யலாம். உதிரும் மாவிலைகளைச் சாக்கில் அடைத்து, நனைத்து, ஓட்டை போட்டு, மூலையில் வைத்துவிட்டால் நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஆறு மாதத்தில் உதிரி உதிரியாகும். கோழி எரு போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பச்சை எரு சூடு. இளம் வேரைக் கருக்கிவிடும்.

பிரித்து நடுவது

கோலாலம்பூரில் மழை இரண்டு தடவை உச்சத்துக்குப் போகும்: ஏப்ரல் வாக்கில் ஒன்று, அக்டோபர் நவம்பரில் இன்னொன்று. மழை பலமாக இறங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பாக நடுவது என் வழக்கம். மார்ச் நடுப்பகுதி, அல்லது செப்டம்பர் கடைசி. முதல் தடவை நவம்பரில் நட்டேன். அன்று சாயங்காலமே ஒரு மழை. மறுநாள் காலை பாதித் துண்டுகள் சாக்கடைச் சல்லடையில் கிடந்தன. வேர் பிடிக்காத செடியை மழை அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஒரு கொத்தை மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசிவிடுங்கள். படுத்தோடும் தண்டு தெளிவாகத் தெரியும். அதைக் கத்தரியால் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு பச்சைக் குருத்தும், வெள்ளை வேர் கொஞ்சமும் இருக்க வேண்டும். ஒற்றைக் குருத்துத் துண்டும் பிழைக்கும், ஆனால் நகராமல் நின்ற இடத்திலேயே நிற்கும். இலையை மூன்று விரல் உயரத்துக்கு நறுக்குங்கள். வெள்ளைத் தலைகளையும் கிள்ளிவிடுங்கள். வெட்டியவற்றை ஈரச் செய்தித்தாளில் சுற்றி வைத்து, அன்றைக்கே நட்டுவிட வேண்டும்.

அரையடிக்கு ஒன்று என்று நட்டால் ஒரு சதுர அடிக்கு நான்கு துண்டு. பத்தடிக்கு ஆறடி இடம் என்றால் 240 துண்டு. மலைப்பாக இருக்கும்தான். நல்ல கொத்து ஒன்றில் பத்துத் துண்டு கிடைக்கும், ஆக 24 கொத்து. அவ்வளவு கிடைக்காவிட்டால், கிடைத்ததை ஒரு மூலையில் மூன்று விரல் இடைவெளியில் நெருக்கமாக நட்டு நாற்றங்கால் போல வளர்த்து, நான்கைந்து மாதம் கழித்துப் பிரித்துப் பரப்புங்கள். நான் செய்தது இதுதான். பெரிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால் இடையில் களை புகுந்துவிடும்.

துண்டைக் குத்தி நடாமல் படுக்க வைத்து நடுங்கள். தண்டு கிடையாக, மேலே அரை அங்குல மண், குருத்து வெளியே. ஆழமாகப் புதைத்தவை எனக்கு அழுகிப்போயின. நட்டதும் உள்ளங்கையால் அழுத்திவிட்டு, துண்டுகளுக்கு இடையே நொறுக்கிய காய்ந்த இலையைத் தூவுங்கள். மழைத்துளி மண்ணைத் தெறிக்காமல் அது தாங்கும். சரிவான இடம் என்றால் கீழ்ப்பக்கம் செங்கலை நான்கு அங்குலம் புதைத்து வரிசையாக வையுங்கள். மண்ணும் நிற்கும், பின்னால் கோரை அடுத்த வீட்டுப் புல்லுக்குள் ஓடாமலும் இருக்கும். கூரைத் தண்ணீர்க் குழாய் கொட்டும் இடத்தில் மட்டும் நடவே வேண்டாம், அங்கே கூழாங்கல் போடுங்கள்.

முதல் மூன்று மாதம்

முதல் ஆறு வாரம் மண் காயவே கூடாது. மழை இல்லாத நாள் காலையில் ஒரு தடவை பூவாளியால் ஊற்றுங்கள். மரத்தடியில் தூறல் விழுந்தால் இலைதான் நனையும், மண் நனையாது. விரலை விட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஊற்றும் பாத்திரத்தை நிறைத்தபடி வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். பூவாளியைக் கவிழ்த்து வைப்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

முதல் மூன்று வாரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். சில இலை பழுக்கும். பிடுங்கிப் பார்க்காதீர்கள். தண்டு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு நாள், நட்ட இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, மண்ணைக் கீறிக்கொண்டு ஊசி மாதிரி வெளிர்ப்பச்சைக் குருத்து ஒன்று நிற்கும். அதைக் கண்டுவிட்டால் இனி கவலையில்லை.

களையைக் கையால் மட்டும் எடுங்கள், வாரம் ஒரு முறை, பத்து நிமிடம். எங்கள் வீட்டில் தொல்லை கொடுத்தது மைக்கேனியாக் கொடியும், விழுந்த மாங்கொட்டைகள் முளைத்ததும். மருந்து எதுவும் அடிக்க முடியாது. களையைக் கொல்வது கோரையையும் பதம் பார்க்கும். தரை மூடியபின் இந்த வேலை மாதம் ஒரு முறையாகக் குறைந்துவிடும்.

மூடிய பிறகு

எங்கள் இடம் முழுசாக மூட எட்டு மாதம் ஆனது. இப்போது மழைத் தண்ணீர் தெளிவாக இறங்குகிறது. மாமியார் அதன் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார்.

மாவிலை தடிப்பானது. குவிந்தால் கீழே உள்ள கோரை மூச்சுத் திணறிப் பழுக்கும். பிளாஸ்டிக் வாரியால் இழுத்தால் தண்டு கிளம்பி வந்துவிடுகிறது. ஈர்க்கு விளக்குமாற்றைப் படுக்க வைத்துப் பிடித்து மேலாக வருடினால் இலை மட்டும் வரும். சின்ன இலைகளை விட்டுவிடுங்கள், அதுதான் அதற்கு உரம்.

வருடத்துக்கு மூன்று முறை கத்தரியால் மூன்று அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள். வெள்ளை மணி பழுப்பாக மாறத் தொடங்கும்போது வெட்டுவது நல்லது. விதை உதிர்ந்தால் பக்கத்து வீட்டுப் புல்வெளிக்கும் போகும், அவர்களுக்கு அது களை. புல் வெட்டும் இயந்திரக்காரர் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தரையோடு சீவிவிட்டால் தண்டே வெளியில் வந்துவிடும்.

எப்போதாவது மிதித்தால் தாங்கும். தினமும் நடக்கும் பாதை என்றால் சிமெண்ட் பலகை நான்கைந்தை இடைவெளி விட்டுப் பதியுங்கள். கோரை அவற்றைச் சுற்றி நிரம்பிக்கொள்ளும். ஜூன், ஜூலை வறட்சியில் வாரம் இரண்டு முறை தண்ணீர் போதும்.

நடுவில் சொட்டை விழுந்தால் புதிதாக எதையும் வாங்காதீர்கள். அடர்ந்த ஓரத்திலிருந்து உள்ளங்கை அளவு கொத்தைப் பெயர்த்து அங்கே வைத்து அழுத்துங்கள், பெயர்த்த குழியில் இலையுரத்தை நிரப்புங்கள். இரண்டு மாதத்தில் இரண்டு இடமும் சேர்ந்துவிடும். கேட்டு வருகிறவர்களுக்கும் நான் அப்படித்தான் பெயர்த்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கிறேன். வெள்ளை மணியோடு ஒன்றிரண்டு தண்டை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவேன், வீட்டுக்குப் போய் மற்றவர்களுக்கு அடையாளம் காட்ட.